உடையாத மட்டை

என் அண்ணனுக்குத் தோற்கத் தெரியாது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. ஹாக்கியில் தோற்றால் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், முகம் கழுவுவார்கள், நடுவரைத் திட்டுவார்கள். இவன் நேராகக் கோல் கம்பத்துக்குப் போவான். இரண்டு கையாலும் மட்டையை ஓங்கி அந்த இரும்புத் தூணில் ஒரு போடு போடுவான். மட்டை கழுத்தில் விண்டு தொங்கும். அதைத் தோளில் சாத்திக்கொண்டு, யாரோ அவனுக்குத் துரோகம் செய்துவிட்டது போல வீட்டுக்கு வருவான்.

அப்போது நாங்கள் வீ.கே.புரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே பஞ்சு மில்லில் வேலை. அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அண்ணனுக்குப் புது மட்டை வந்துவிடும். விண்ட மட்டையில் ஓர் ஆணியை அடித்து, அதன்மேல் மில் நூலை வரிந்து சுற்றி, வார்னிஷ் தடவி என்னிடம் நீட்டுவார்.

“இந்தாட்டி, நீயும் விளையாடு.”

பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நான் ஆடியதெல்லாம் அவன் உடைத்துப் போட்ட மட்டைகளில்தான். பத்துப் பந்து அடித்தால் ஆணி தலையை நீட்டும். என் வலது ஆள்காட்டி விரலில் இன்றும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. எனக்கென்று ஒரு புது மட்டை அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மறக்கவும் இல்லை. மறக்க வேண்டும் என்று யாராவது புத்தி சொன்னால் அவர்கள் மேலும் கோபம் வரும்.

இப்போது இருவருமே பாளையங்கோட்டையில் விளையாட்டு ஆசிரியர்கள். அவன் ஆண்கள் பள்ளியில், நான் பெண்கள் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரே வேதக்கோயிலில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவோம். வெளியே வந்ததும் அவன் ஒரு வாசல், நான் ஒரு வாசல். அவன் மாவட்ட ஹாக்கி அணித் தேர்வுக் குழுவிலும் இருக்கிறான். அவன் தலையசைக்காமல் இந்த ஊரில் ஒரு பிள்ளையின் பேர் பட்டியலில் ஏறாது.

இந்த நிலைமையில்தான் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து சேர்ந்தாள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி எல்லாரும் மலையை விட்டு இறங்கிய சமயத்தில் இறங்கிய குடும்பம். அப்பாவுக்கு டவுணில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவல் வேலை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. அதுவரை ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் பந்தைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல அடித்தாள். தடுப்பாட்டத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து அவள் அடித்த பந்து மைதானத்தின் மறுகோடிச் சுவரில் மோதி, அந்தப் பக்கம் நின்ற ஆடுகளைக் கலைத்தது.

அடித்தாள், உடைத்தாள். முதல் பருவத்திலேயே பள்ளியில் இருந்த நல்ல மட்டைகள் எல்லாம் போயின. தலைமை ஆசிரியையிடம் புது மட்டை கேட்டேன்.

“அந்தப் பிள்ளைய கொஞ்சம் பைய அடிக்கச் சொல்லுங்க டீச்சர்” என்றார்.

ஆண்கள் பள்ளியில் ஒரு பையன் இப்படி அடித்திருந்தால் தேசியக் கொடியைப் போர்த்தியிருப்பார்கள். நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்பதால் திறக்காமல் வந்துவிட்டேன்.

மற்றப் பிள்ளைகளும் அவளுக்கு மட்டை இரவல் தருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொடுத்தது முழுசாகத் திரும்பி வராது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் அவள் அம்மா வந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

“டீச்சர், செலக்‌ஷன்ல பேரு வந்தா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கட்டும். வரலன்னா பத்தாவதோட நிப்பாட்டிருவோம். கோயம்புத்தூர் பக்கம் பஞ்சாலைக்கு ஆள் எடுக்காங்க. சொல்லி வச்சாச்சு.”

பிள்ளை பக்கத்தில் நின்று காலால் சரளையைக் கிளறிக்கொண்டிருந்தாள். தேர்வு நாளில் அவள் கையில் ஒரு மட்டை இருக்க வேண்டும், அது கடைசி விசில்வரை உடையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. அதைக்கூடத் தர இந்த ஊரில் நாதியில்லை என்று நினைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

உடைந்த மட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். எல்லா மட்டையும் ஒரே இடத்தில், வளைவுக்குச் சற்று மேலே கழுத்தில் விண்டிருந்தது. அந்த இடத்தின் ஓரத்தில் கீறல்கள். கடையில் விற்கும் மட்டை வழவழப்பான செயற்கைத் தரைக்குச் செய்தது. எங்கள் மைதானம் சரளை. மட்டையைப் படுக்கவைத்து அடிக்கும்போது ஓரம் கல்லில் உரசுகிறது. சின்ன வெட்டுப்போல ஒரு பொளி விழுகிறது. அடுத்தடுத்த அடியில் அந்தப் பொளி வாயைப் பிளக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுவார்கள். இந்தப் பக்கம் எல்லா மைதானத்திலும் அதுதான் வைத்தியம். புண்ணை மூடிவிடும், ஆற்றாது.

எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஃபைபர் பட்டறை உண்டு. பூங்காவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே பென்குயின் குப்பைத்தொட்டி, அதெல்லாம் அங்கே செய்வதுதான். பட்டறை அண்ணாச்சியிடம் ஒரு மூலையும் கொஞ்சம் ரெசின் பசையும் கேட்டேன். பென்குயின்களுக்கு நடுவே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன்.

பூவரசங்கட்டையை உள்ளே வைத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை நீளவாக்கில் ஒட்டினேன். காய்ந்ததும் பட்டறை வாசலில் நட்டிருந்த இரும்புக் குழாயில் ஓங்கி ஒன்று போட்டேன். அதே கழுத்து, அதே பிளவு. இழை நீளவாக்கில் ஓடினால் விரிசலும் அதன் கூடவே ஓடுகிறது. அதைக் குறுக்கே நின்று மறிக்க ஒன்று வேண்டும்.

அப்போதுதான் அப்பா சுற்றிய மில் நூல் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மட்டைகளில் பிடிப்பாக இருந்தது அந்த நூல் மட்டும்தான். ஆணிதான் மரத்தைக் கெடுத்தது. மனிதர் நூலைச் சுற்றியதோடு நிறுத்தியிருந்தால் என் விரலாவது பிழைத்திருக்கும். பருத்தி நூலை ரெசினில் முக்கி, கழுத்தில் இடமிருந்து வலமாகச் சாய்த்து ஒரு சுற்று, வலமிருந்து இடமாகச் சாய்த்து மறுசுற்று என்று இறுக்கிச் சுற்றினேன். அதன்மேல் மறுபடி இழைத்துணி. ஓரத்தில் கல் உரசும் இடத்துக்கு மட்டும் இன்னொரு பட்டை. கை முழுக்க இழைத்தூள் ஏறி, ராத்திரியெல்லாம் சொறிந்தேன்.

சுற்று கூடினால் கழுத்து தடிக்கும். மட்டை எவ்வளவு தடிமனாக இருக்கலாம் என்பதற்கு ஆட்ட விதியில் ஒரு வளையம் உண்டு. மட்டை முழுவதும், மேலே எதைச் சுற்றியிருந்தாலும் அதோடு சேர்த்து, அந்த வளையத்துக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். உள் அகலம் இரண்டு அங்குலம். இங்கே ஒரு மைதானத்திலும் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் நெல்லையப்பர் கோயில் பக்கத்து வளையல் கடைக்குப் போனேன். வளையல் அளவில் ‘ரெண்டு’ என்றால் உள்ளே சரியாக அதே இரண்டு அங்குலம்.

“பேத்திக்கா டீச்சர்?” என்றார் கடைக்காரர்.

“மட்டைக்கு” என்றேன். பாவம், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வளையலைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஒவ்வொரு சுற்று காய்ந்த பிறகும் அந்த வளையலை மாட்டி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பேன். தட்டினால் தேய்ப்பேன். தேய்த்த பிறகு இரும்புக் குழாயில் அடிப்பேன். மட்டை உடையாமல் நின்ற முதல் நாள், என் மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கியது. உடைகிற மட்டை அடியைத் தன்னோடு கொண்டுபோய்விடும். உடையாத மட்டை அதை அடித்தவன் கைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பந்தை அடித்தால் அந்த உதறல் தாங்கக்கூடியதுதான். பிள்ளைக்காகக் கைப்பிடிக்குள் மெல்லிய ரப்பர் கொடுத்தேன், அந்த உதறலும் போய்விட்டது. இரும்பில் அடித்தால் மட்டும் எந்த ரப்பரும் காப்பாற்றாது.

“விளையாட்டுச் சாமான்தான டீச்சர்? இதக் கொண்டு எவன் இரும்புல அடிக்கப் போறான்?” என்றார் அண்ணாச்சி.

நான் இன்னொரு தடவை ஓங்கினேன்.

சேதி அண்ணன் காதுக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். நாலு பேர் கேட்கும்படியான குரல்.

“என்னட்டி, குப்பைத்தொட்டிக் கடையில ஸ்டிக் செய்யுதியாமே? ஒன் பிள்ள ஹாக்கி ஆடப் போறாளா, இல்ல குப்ப பெருக்கப் போறாளா?”

“செலக்‌ஷன்ல வந்து பாருண்ணே” என்றேன்.

“பாக்கத்தான போறேன்” என்றான்.

பார்ப்பதற்கு அவன் தயாராகத்தான் வந்தான். தேர்வு நாள் காலையில், பிள்ளைகள் வரிசையில் நின்றதும், சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஓர் இரும்பு வளையத்தை எடுத்தான். லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கியிருக்கிறான். எனக்காக, எனக்கே எனக்காக. ஆயுளில் அவன் எனக்கென்று புதிதாகச் செய்து கொண்டுவந்த ஒரே சாமான் அதுதான்.

“கம்பெனி ஸ்டிக் இல்லாதத நான் அளக்கணும்” என்று என் பிள்ளையின் மட்டையை வாங்கினான். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மாற்று மட்டை கிடையாது, தர ஆளும் கிடையாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே அவள் அம்மா சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வளையம் கைப்பிடியில் இறங்கியது. கழுத்துக்கு வந்ததும் லேசாக உரசியது. வளைவில் திரும்பி, மறுமுனையில் வெளியே வந்துவிட்டது. அண்ணன் மறுபடி ஒரு தடவை விட்டுப் பார்த்தான். மறுபடியும் வந்தது.

“இப்ப எல்லா ஸ்டிக்கையும் விடுண்ணே” என்றேன். “விதி எல்லாருக்கும்தான?”

குழுவில் இருந்த மற்றவர்கள் சரிதானே என்றார்கள். அவனால் மறுக்க முடியவில்லை. அடுத்த பிள்ளையின் மட்டையை வாங்கினான். கைப்பிடியில் தடியாகச் சுற்றியிருந்த சைக்கிள் டியூபிலேயே வளையம் சிக்கிக்கொண்டது. அதற்கடுத்ததும் சிக்கியது. அவனே பயிற்சி கொடுத்த பையன்கள் மதியத் தேர்வுக்காக ஓரமாக நின்றார்கள். அவர்கள் மட்டைகளில் கழுத்திலும் டியூப். விதிப்படி போனால் அன்றைக்கு மைதானத்தில் ஆடத் தகுதியான மட்டை ஒன்றே ஒன்றுதான், அது குப்பைத்தொட்டிக் கடையில் செய்தது. பெற்றோர் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் அடக்கவில்லை.

அண்ணன் வளையத்தைப் பைக்குள் போட்டான். காது மடல் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். அது வந்தால் அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

“அளவு கெடக்கட்டும்” என்றான். “ஆட்டத்துக்கு நடுவுல இது ஒடஞ்சு பறந்து எதிர்ல நிக்கிற பிள்ள கண்ணுல பட்டா யாரு பொறுப்பு? தாங்குதான்னு பாக்கணும். ஒடஞ்சா இவ வெளிய.”

சொல்லிக்கொண்டே அவன் நடந்தான். கோல் கம்பத்தை நோக்கித்தான் நடந்தான். வயது ஐம்பதைத் தாண்டியும் அதே நடை, அதே தோள். பிள்ளை “டீச்சர்” என்று என் கையைப் பிடித்தாள். அவன் காலை அகட்டி நின்றான். இரண்டு கையாலும் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, எத்தனையோ வருஷத்து வீம்பையும் சேர்த்து, அந்த இரும்புத் தூணில் இறக்கினான்.

கம்பம் கோயில் மணிபோல அதிர்ந்தது. மட்டை அவன் கையை விட்டுத் தெறித்துச் சரளையில் விழுந்தது. அண்ணன் வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தான். அவன் வாயிலிருந்து கோயிலுக்குப் போகிறவன் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை வந்தது.

பிள்ளை ஓடிப்போய் மட்டையை எடுத்தாள். கழுத்தைத் தடவினாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு ஒரு பந்தைத் தட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவளைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. அவள் அடித்த பந்துகளுக்கு எதிரே நின்ற பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். கடைசி விசிலுக்குப் பிறகு குழு உட்கார்ந்து பேசியது. பட்டியலை அண்ணன்தான் வாசித்தான். அவள் பேரைக் கடைசியில் வாசித்தான், தொண்டையைச் செருமிக்கொண்டு. ஆனால் வாசித்தான். அவள் அம்மா அந்த இடத்திலேயே போனை எடுத்து, “பிள்ள வரலங்க, படிக்கப் போறா” என்று யாரிடமோ சொன்னாள். எனக்கு அழுகை முட்டியது. அவன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று பந்துகளைப் பொறுக்கப் போனேன்.

எல்லாரும் கிளம்பியபின் வாசல் டீக்கடையில் அவன் நின்றிருந்தான். இடது கையால் டம்ளரைப் பிடித்திருந்தான். வலது மணிக்கட்டு, என்னுடையது வீங்கியதே, அதே மாதிரி வீங்கியிருந்தது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

“ஏட்டி, நில்லு” என்றான். “ஆட்டத்துல எவனாவது இரும்புல அடிப்பானா? அதையும் தாங்குத மாதிரி எதுக்குச் செஞ்ச? யார நெனச்சு செஞ்ச?”

“ஒன்ன நெனச்சுத்தாண்ணே” என்றேன்.