தானாகத் திரும்பிய கேமரா

ஐப்பசி மழை விட்ட பிறகு, ஜவ்வாது மலையில் மேகம் சில நாட்களுக்குத் தரையிலேயே கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அது நடந்தது. சாமையும் தினையும் உமி நீக்கிப் பாக்கெட் போடும் ஒரு சிறிய ஆலைக்கு நான் கம்ப்யூட்டர், இன்டர்நெட் வேலைகளைப் பார்த்து வந்தேன். கண்ணமங்கலத்தில் என் வீடு. வேலை இருக்கும் நாட்களில் மட்டும் மலைக்குப் போவேன்.

அன்று அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. தானியம் காயவைக்கும் களம் இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே ஓடிய உமி எந்திரத்தின் சத்தம் வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. எனக்குக் கண்ணைச் சொருகியது. சாமையில் கல் பொறுக்கும் அக்கா ஒருவர் கதவருகே வந்து நின்றார்.

"மேடம், கம்பத்துல கீற கேமராவ நீங்களா திருப்புறீங்க?"

"இல்லியே. ஏங்க்கா?"

"அது பாட்டுக்கு திரும்புது. காலைல எங்களையே பாத்துனு இருந்துச்சு. இப்ப மலைய பாக்குது. இன்னானே தெர்ல."

தூக்கம் போய்விட்டது. ரவுட்டரின் பதிவுகளைத் திறந்தேன். ஒரு நெட்வொர்க்குக்குள் நுழைய ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு. அவற்றைப் போர்ட் என்போம். எது திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது போர்ட் ஸ்கேன். எங்கிருந்தோ யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். மழைச் சத்தத்தைப்போல அதைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகியிருந்தேன். ஆனால் இந்த முறை ஒரு வெளிநாட்டு முகவரி வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்து, ஒரு வாசலில் நின்று, உள்ளேயும் வந்திருந்தது. அது கேமராவின் படங்களைச் சேமித்து வைக்கும் ரெக்கார்டரின் வாசல். கேமராவை மாட்டியவர், கடையிலிருந்து அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே விட்டுப் போயிருந்தார்.

அதற்குக் கீழே இருந்த வரிகளையும் படித்தேன். இப்போது அந்த ரெக்கார்டரே உள்ளிருந்து தட்டத் தொடங்கியிருந்தது. முதலில் பில் போடும் கம்ப்யூட்டரை, பிறகு எடை மெஷினோடு இணைந்திருந்த இன்னொன்றை.

பதிவுகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு ரெக்கார்டரின் வயரைப் பிடுங்கினேன். ரவுட்டரில் அந்த வாசலை மூடினேன். மற்ற கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தட்டியிருக்கிறார்கள், எதுவும் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் புது பாஸ்வேர்டு போட்டு முடித்து மூச்சு விட்டபோது போன் அடித்தது. ஆலையின் முதலாளியம்மா. இடுப்பெலும்பு முறிந்து செங்கத்தில் மகள் வீட்டில் படுத்திருந்தார்.

"இன்னா மா, போன்ல படம் வரலியே. மேல கரண்ட் போய்ட்ச்சா?"

"கரண்ட் இருக்குதும்மா. நான்தான் கேமராவ நிறுத்தி வெச்சிருக்கேன்."

"ஏன் நிறுத்தின? மத்தியானத்துல மேகம் களத்துல எறங்கும் பாரு, அத பாத்துனே இருந்தாதான் எனக்கு வலி மறந்து கண்ணு அசரும்."

அவர் போனில் படம் பார்ப்பதற்காகத்தான் ரெக்கார்டரின் வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன். யாரோ ஒருவர், எந்த ஊரிலிருந்தோ, நம் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன்.

"பொம்பளைங்க வேல செய்யற எடமாச்சே மா," என்றார் முதலில். பிறகு, குரலைத் தாழ்த்தி, "மேகத்தையும் பாத்திருப்பான் இல்ல?"

பார்த்திருப்பான் என்றேன். போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் ஒருவர், முகம் தெரியாத இன்னொருவர், இருவருமே ஒரே நேரத்தில் ஒரே வெள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆள்மீது எனக்குக் கோபம்தான். ஆனாலும் கோபத்துக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை.

ரெக்கார்டரை முழுவதும் அழித்து, புது மென்பொருள் ஏற்றி, மற்ற கம்ப்யூட்டர்களைத் தொட முடியாதபடி தனியாகப் பிரித்து வைத்தேன். பெண்கள் உட்காரும் பக்கம் திரும்பாதபடி கேமராவையும் நிலையாகப் பொருத்தினேன். அந்த அக்காவே கம்பத்தடியில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், போதும்" என்று சொல்லிச் சரிபார்த்தார்.

மறுநாள் செங்கத்துக்குப் பஸ் ஏறினேன். ஆலைக்குள் நுழைய முதலாளியம்மாவின் போனுக்கு மட்டும் ஒரு மறைவான வழி அமைத்தேன். வி.பி.என். என்று பெயர் சொன்னேன். பெயரெல்லாம் தனக்கு எதற்கு, எதை அமுக்க வேண்டும் என்று மட்டும் காட்டச் சொன்னார். காட்டினேன். அமுக்கினார். படம் வந்தது.

முதலில் ஒரே வெள்ளை, கம்பத்தின் நிழல்கூட இல்லை. பிறகு களத்தின் ஓரம், அதற்கப்பால் ஒரு மரத்தின் பாதி, அதையும் மேகம் மெல்ல எடுத்துக்கொண்டது. நான் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பஸ் ஹாரனும் சந்தைக்குப் போகும் மினி லாரிகளும். ஆனால் அந்தச் சிறிய திரையிலிருந்து வந்த அமைதி அறையை நிறைத்திருந்தது. எப்போது பேச்சை நிறுத்தினோம் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் தூங்கியிருந்தார். போன் நெஞ்சின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மார்கழியில் கைத்தடி ஊன்றி மேலே வந்தார். களத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"போன்ல பாக்கும்போது இந்தக் குளிரு தெரியவே இல்ல மா," என்றார். "ஒரு ஸ்வெட்டர் இருந்தா குடு."