டூரோ மலைப் பாதையில் ராணி கேட்டது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய்க்கதை சொல்லித் திரிகிற ஆள் இல்லை. கனடாவில், பிறம்ரனில் ஒரு பெரிய வெயர்ஹவுஸில் கனகாலம் இரவு வேலை செய்தவன். கூரை வரைக்கும் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே தனியாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியிருக்கிறேன். கூட வேலை செய்தவர்கள் அங்கே நிழல் தெரிந்தது, இங்கே சத்தம் கேட்டது என்று வந்து நிற்கும்போதெல்லாம் நான் ஒரே பதில்தான் சொல்வேன்: "நித்திரை இல்லாட்டில் உதெல்லாம் தெரியும்தான், வீட்டை போய்ப் படுங்கோ." இப்போது என் கதையைக் கேட்டு நீங்களும் அதையேதான் சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள், எனக்குக் கோபம் வராது. ஆனால் இது நடந்தது இரவில் இல்லை, நல்ல வெயிலில், ஆட்களுக்கு நடுவில்.

என் மனைவி ராணி போய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. அவள் பேச்சுக்காரி. பஸ்ஸில் கண்டது, கடையில் கண்டது, லிஃப்ட்டில் யார் யாரோடு முகம் கொடுக்காமல் நின்றது என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து என்னிடம் கொட்டுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது பிடிக்கும், அவள் சொல்லாத நாளில் நானே தோண்டித் தோண்டிக் கேட்பேன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது. அவள் போன பிறகு ரெக்ஸ்டேல் அபார்ட்மென்ட்டில் ஃபிரிட்ஜ் இரையும் சத்தம்தான், வேறொன்றும் இல்லை.

செத்தவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்த கையோடு ஆளாளுக்குக் கனவு காணத் தொடங்கினார்கள். அவளுடைய தங்கச்சி கண்டாள். ஒஷாவாவில் இருக்கும் என் மகள் கௌசி கண்டாள். கீழ்த் தளத்தில் இருக்கிற, ராணியோடு நாலு வார்த்தைகூட ஒழுங்காகப் பேசியிராத ஒரு அன்ரி வந்து, "அண்ணை, அவ எனக்குப் பக்கத்தில வந்து இருந்து வடிவாக் கதைச்சவ" என்று கண் கலங்கினார். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. கனவை நம்புகிறவன் இல்லை நான், ஆனால் மனம் கேட்கிறதா? எல்லார் வீட்டுக்கும் போய்வருகிற மனுசி தன் சொந்த வீட்டுக்கு மட்டும் வரவில்லை. பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அழுகையாக இருந்தது. ஒரே ஒரு தடவை, கனவிலாவது, பக்கத்தில் வந்து இருந்து எதையாவது பேசிவிட்டுப் போகமாட்டாளா என்று படுக்கும்போதெல்லாம் நினைப்பேன். வேறு ஒரு ஆசையும் எனக்கு அப்போது இருக்கவில்லை.

நான் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன் என்று கௌசிதான் போர்த்துக்கல் பயணத்தை ஒழுங்குசெய்தாள். அவளும் நானும் போவதாக இருந்தது. வெளிக்கிட இருந்த நேரம் பார்த்து அவளுடைய சின்னவனுக்கு உடம்பெல்லாம் கொப்பளித்து அம்மாள் வருத்தம் போட்டுவிட்டது. "அப்பா, நீங்கள் போயிற்று வாங்கோ. எல்லாம் புக் பண்ணியாச்சு, டோன்ட் கான்சல்" என்று என்னைத் தனியே விமானம் ஏற்றிவிட்டாள்.

போர்ட்டோ நகரத்தில் இரண்டு நாள் தனியாகச் சுற்றினேன். மூன்றாம் நாள்தான் அந்த வைன் பயணம். டூரோ ஆற்றோரம் மலைகளில் திராட்சைத் தோட்டங்களைக் காட்டி, வைன் ருசிக்கத் தந்து, மத்தியானச் சாப்பாடும் தந்து பின்னேரம் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு சின்ன வான் வண்டி. ஓட்டுகிறவரும் விளக்கம் சொல்கிறவரும் பேத்ரோ என்ற ஒரே ஆள். அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு இளம் சோடிகள், அயர்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான பெண்மணி, பிறகு நான். பேத்ரோ என் பெயரைப் பார்த்து இரண்டு பேரா என்று கேட்டார். மகள் வரவில்லை, நான் மட்டும்தான் என்றேன். தலையாட்டினார்.

வானில் ஏறி நான் ஜன்னல் பக்கத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் இருந்தேன். அது பழக்கம். ராணிக்கு வளைவுப் பாதை ஒத்துவராது, வயிற்றைப் பிரட்டும், அதனால் எந்த வாகனத்திலும் ஜன்னல் அவளுக்குத்தான். அவள் இல்லாத இந்த இரண்டு வருடத்திலும் ஒரு பஸ்ஸில்கூட நான் ஜன்னலோரம் இருந்ததில்லை. வழியில் ஏறுகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய் இருப்பார்கள், சிலர் முறைப்பார்கள். அன்றைக்கு முறைக்க ஒருவரும் இல்லை.

மலை நல்ல வடிவு. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் படி படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் திராட்சை நட்டிருக்கிறார்கள். கீழே ஆறு பச்சையாகக் கிடந்தது. அமெரிக்கச் சோடிகள் படம் எடுத்துத் தள்ளினார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் வடிவான இடத்தைப் பார்ப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாரிடம் சொல்வது?

முதல் தோட்டத்தில் எனக்கு முன்னால் இரண்டு கிளாஸ் வைத்தார்கள். இரண்டு பேருக்குப் புக் பண்ணியது, அதனால் வைக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். நீங்கள் இப்போது வைனைத்தான் பிடித்துக்கொள்வீர்கள். எனக்குச் சீனி வருத்தம், மருந்துக் குளிசை எடுக்கிறவன், உதட்டை நனைத்ததோடு சரி. இரண்டாவது கிளாஸை நான் தொடவே இல்லை.

மத்தியானம் இன்னொரு தோட்டத்து வீட்டில் சாப்பாடு. நீள மேசை, வெட்டிய பாண், தோய்க்க ஒலிவ் எண்ணெய், பெரிய தட்டத்தில் ஆட்டிறைச்சி. சமைத்துப் பரிமாறியது அந்த வீட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும், ஆங்கிலம் அரைகுறை. எனக்குப் பசி. இறைச்சி வாயில் கரைந்தது. இரண்டாம் துண்டை எடுக்கும்போது அவள் குசினிக்குள் இருந்து தனியாக ஒரு சாப்பாட்டுக் கோப்பை கொண்டுவந்து, எனக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் வெறுமையாக இருந்த கதிரைக்கு முன்னால் வைத்தாள். சோறு, அவித்த உருளைக்கிழங்கு, கீரை மாதிரி ஏதோ ஒரு இலை. இறைச்சி இல்லை.

இங்கே ஒருவரும் இல்லை என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கையால் கோப்பையைக் காட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். இன்று வெள்ளிக்கிழமை, இறைச்சி வேண்டாம் என்று என்னோடு வந்த அம்மா உள்ளே வந்து சொன்னாவாம். தன் தாயும் அப்படித்தானாம், வெள்ளியென்றால் இறைச்சி தொடமாட்டாவாம். சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கதிரையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போதுதான் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதே ஞாபகம் வந்தது. வேலையை விட்ட பிறகு எனக்குக் கிழமை தெரிவதில்லை. ராணி இருக்கும்வரை வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கிடையாது, முட்டைகூட இல்லை, சட்டி பானையே வேறு. வாயில் இருந்த இறைச்சியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கௌசி சாப்பாட்டுக்கு ஏதாவது எழுதிவிட்டிருப்பாள் என்று நினைத்து அங்கேயே அவளுக்குப் போன் எடுத்தேன். ரொறன்ரோவில் அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான்.

"அப்பா, எவ்ரிதிங் ஓகே?"

"ஓம் ஓம். நீ புக் பண்ணேக்கை ஒரு ஆளுக்குச் சைவம் எண்டு சொன்னனியோ?"

"நோ அப்பா. ரெண்டு பேருக்கும் நோர்மல் சாப்பாடுதான் போட்டனான். ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. சின்னவனைப் பார்."

போனை வைத்துவிட்டுக் கதிரையைப் பார்த்தேன். வெறும் கதிரை. எனக்குப் பயம் வரவில்லை. நான் சொல்வது நம்பக் கஷ்டமாக இருக்கும், எனக்கு வந்தது சந்தோஷம். வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மற்றவர்கள் முற்றத்துக்குப் போன பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காமல், "இஞ்சாரும்" என்று கூப்பிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் அவளைக் கூப்பிட்டவன். பதில் இல்லை. கோப்பையில் சோறு வைத்தபடியே இருந்தது. வெளியே அமெரிக்கப் பெண்களில் ஒருத்தி எதற்கோ சிரித்தாள்.

திரும்பி வரும்போது முழு வழியும் நான் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். பேத்ரோவுக்கு அன்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, சோடிகள் நித்திரை. என்ஜின் சத்தம், வளைவில் சில்லு தேய்கிற சத்தம், அவ்வளவுதான். பக்கத்து இருக்கையைப் பார்த்தேன், கையை வைத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை இறங்கி இறங்கி ஊர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு வெட்கம் வந்துவிட்டது. சமைக்கிற மனுசி வேறு யாருக்கோ சொன்னதை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருப்பாள், நான் ஒரு கிழட்டு விசரன் வெறும் கதிரையைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று என்னையே ஏசிக்கொண்டேன். இனி வரமாட்டாள் என்று மனதுக்குள் முடிவுகட்டினேன்.

அயர்லாந்துப் பெண்மணியின் ஹோட்டலும் என் ஹோட்டலும் ஒரே தெருவில். அவர் முதலில் இறங்கினார், பிறகு நான். பேத்ரோ கதவடியில் நின்று கை கொடுத்து இறக்கிவிட்டார். நான் இறங்கிய பிறகும் அவருடைய கை அப்படியே நீட்டியபடி ஒரு நிமிடம் நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு, போய் வாருங்கள் என்று வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்மணி போகவில்லை. எனக்காகக் காத்து நின்றமாதிரி இருந்தது. முகத்தில் கோபம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

"இது என்னுடைய வேலை இல்லை, ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் மனைவியோடு உங்களுக்கு என்ன கோபமோ தெரியாது. வழி முழுக்க அவர் உங்களோடு பேசிக்கொண்டு வந்தார். நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை."

என் மனைவி இறந்துவிட்டா என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளையாட்டுக்குப் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், முகம் சிவந்து திரும்பி நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வெட்கத்தை விட்டு, தெருவில் நின்று, கை இரண்டையும் கூப்பிக் கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, நின்றார். கோபம் போய்விட்டது. மெதுவாகச் சொன்னார்: "உங்கள் மொழி எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் கேள்வி கேட்டார். குரலில் தெரியும்தானே. போகும்போது எத்தனையோ சொல்லிக்கொண்டு போனார், வெளியே காட்டிக் காட்டி. வரும்போது ஒரே கேள்விதான். கேட்பார், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார், திரும்பவும் கேட்பார்."

பிறகு என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுத் தன் ஹோட்டலுக்குள் போய்விட்டார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேய் என்றால் பயந்துவிட்டுப் போகலாம். அவள் வந்திருக்கிறாள், பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள், கண்டவர் கேட்டவர் எல்லாம் ஊர் பெயர் தெரியாத அந்நியர்கள். அவள் பேச்சைக் கேட்பதற்கென்றே வாழ்ந்த எனக்கு மட்டும் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. கௌசியிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், "அம்மா என்ன கேட்டிருப்பா, அப்பா?" என்றாள். நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவளும் கேட்டாள்.

ராணி என்னிடம் வழக்கமாகக் கேட்கிறவை எனக்குத் தெரியாதா? அதனால் இப்போது வீட்டில் நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சத்தமாகவே சொல்கிறேன், பக்கத்து அபார்ட்மென்ட்காரர் என்ன நினைத்தாலும் சரி. சாப்பிட்டியளோ? ஓம், சாப்பிட்டன். குளிசை போட்டியளோ? ஓம், போட்டன். பிள்ளை போன் எடுத்தவளோ? ஓம், இப்பதான் வைச்சவள். கதவைப் பூட்டினியளோ? ஓம், பூட்டிப்போட்டன். எது அந்தக் கேள்வி என்று தெரியாதபடியால் ஒன்றும் விடாமல் எல்லாவற்றுக்கும் சொல்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை. எங்கே வெளிக்கிட்டாலும் அவள் எனக்கு முன்னமே காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்று, உள்ளே என்னைப் பார்த்து, திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி அது. "வாறியளோ?" அதற்கு நான் இன்னும் வாய் திறக்கவில்லை.