மனைவியை இறக்கிவிட்ட தராசு

விமானக் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. தராசு என்றால்தான் தெரியும். ஒரு விமானத்தில் எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள், யாரை எங்கே உட்கார வைத்தால் முன்னும் பின்னும் எடை சரியாக நிற்கும் என்று கணக்குப் போட்டு, 'லோடு ஷீட்' என்ற ஒரு தாளைக் கேப்டனுக்கு அனுப்புவது அவர் வேலை. அந்தத் தாள் போய்ச் சேராமல் சக்கரம் நகராது. நாலு ஊர்களிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கும் ஒரே அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். ஜன்னல் இல்லாத அறை. பதினாறு வருஷமாக விமானங்களோடு மாரடிக்கிற மனுஷன், வேலை நேரத்தில் ஒரு விமானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. கூத்துதான், என்ன செய்ய?

இந்தப் புத்தி வீட்டிலும் விடாது. ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வைப்பார். ஒருமுறை குடும்பத்தோடு வேனில் போகும்போது, மனைவியின் அண்ணன் பின் சீட்டில் ஏறிச் சாய்ந்தார். ஆள் கொஞ்சம் வாட்டசாட்டம்.

"மச்சான், நடு சீட்டுக்கு வந்துடுங்களேன். வண்டி பின்னால அமுங்குது."

"மாப்ளே, இது வேனு. பறக்காது. பேசாம ஏறுங்க."

மனைவி நர்ஸ். ஐம்பது நிமிஷம் பறந்தால் போகிற ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அங்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு. கம்பெனிக்காரர் குடும்பத்துக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனால் ஸ்டாண்ட்பை. எல்லோரும் ஏறி முடித்தபின் இடம் இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். அந்த ஊருக்குப் போய் வந்தது சின்ன விமானம். வெள்ளிக்கிழமை என்றால் பிதுங்கி வழியும். இடம் இருந்தால் எடை இடிக்கும், எடை சரியாக வந்தால் இடம் இருக்காது. யாரை இறக்குவது என்று முடிவு செய்வது யார்? நம்ம தராசு. யாரை இறக்குவார்? பட்டியலின் கடைசியில் இருக்கும் ஸ்டாண்ட்பை பெயரை. அது யார் பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கட்டிய மனைவியை ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் விமானத்திலிருந்து இறக்கிவிட்ட புண்ணியவான் அவர். வேறு ஒருத்தியாக இருந்தால் என்றைக்கோ வீட்டைவிட்டே இறக்கியிருப்பாள். இந்த அம்மாள் சிரிப்பார். சனிக்கிழமை விடியலில், பஸ்ஸில் தூங்காத கண்ணோடு வாசலில் வந்து நின்று, "என்னங்க, என் எடை கூடிப்போச்சோ?" என்று மட்டும் கேட்பார். அவர் காபி போட உள்ளே ஓடிவிடுவார்.

சிரிக்காத ஆள் ஒன்று உண்டு. மகள், ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் வருஷத்துக்கு ஒரு நாடகம், அதுவும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு. நாலு வருஷமாக மகள் மேடையில் நிற்க, அம்மா அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார். முதல் வருஷம் முயல், அப்புறம் தபால்காரர், மேகம், திருடன். ஒன்றைக்கூட அம்மா பார்க்கவில்லை. அடுத்த வருஷம் வேறு பள்ளி, அங்கே நாடகமே கிடையாது. இந்த வருஷம் மூன்றாவது மரம் வேஷம்.

"அப்பா, இந்தத் தடவையும் அம்மாவ இறக்கிவிட்டீங்கன்னா உங்ககூட பேசவே மாட்டேன். சத்தியமா."

"பைத்தியம், இந்தத் தடவை பெரிய விமானம்டி!" என்றார் தராசு. வாயெல்லாம் பல்.

உண்மைதான். வெளிநாட்டிலிருந்து காலையில் வந்து, இரவு திரும்பக் கிளம்பும்வரை பகலெல்லாம் சும்மா நிற்கும் ஒரு ராட்சச விமானம் கம்பெனியிடம் இருந்தது. சும்மா நிற்பதற்கு ஒரு நடை போய் வரட்டுமே என்று, இந்த ஐம்பது நிமிஷ தூரத்துக்கு அதை ஓட்ட முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு நடைபாதை, வரிசைக்கு ஒன்பது பேர், முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கை. முதல் ஓட்டமே நாடகத்தன்று. மூன்றரைக்கு அங்கே கிளம்பி நாலு இருபதுக்கு இங்கே வந்துவிடும். பதிவானது நூற்று எழுபத்தொரு பேர்தான்.

"ஒரு வரிசை பூரா காலி. படுத்துக்கிட்டே வா" என்று மனைவிக்குப் போன் செய்தார். "ஒன்பது சீட்டும் உனக்குத்தான்!"

அன்று மதியம் கணக்கு சுலபமாக இல்லை. விமானம் பெரியது, எரிபொருள் கொஞ்சம், பெட்டியும் கொஞ்சம். ஐம்பது நிமிஷப் பயணிகள் எல்லோரும் இறங்கும்போது முதல் ஆளாக இறங்க வேண்டும் என்று முன்னாலேயே இடம் கேட்டிருந்தார்கள். முப்பது பேரையாவது பின்னால் அனுப்பினால்தான் எடை நடுவில் வந்து நிற்கும். தராசு வேர்த்து விறுவிறுத்துப் பிரித்து, கூட்டி, சரிபார்த்து, தாளை அனுப்பிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். மணி மூன்று பதினேழு. அடேயப்பா, என்ன அழகான கணக்கு!

போன் அடித்தது. அந்த ஊர் கேட்டில் நிற்கும் பெண்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நூத்தி நாப்பத்தோரு இடம் காலியா கெடக்கு. ஒரே ஒருத்தர மட்டும் ஏன் சார் இறக்கியிருக்கீங்க?"

"யாரும்மா அது?"

"நர்ஸம்மா. இங்கதான் நிக்கிறாங்க."

தராசு சட்டென்று நிமிர்ந்தார். திரையைப் பார்த்தார். ஐயோ, கடவுளே! ஐந்து வருஷப் பழக்கம். வெள்ளிக்கிழமை மூன்றரை மணி விமானத்தின் கணக்கைத் திரையில் திறந்தவுடன், ஒரு எண்ணைக்கூடப் பார்க்கும் முன்பே, விரல் தானாகப் பட்டியலின் அடிக்குப் போய் அந்தப் பெயரை அடித்து நீக்கிவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மனுஷன் கணக்கையே ஆரம்பித்திருக்கிறார்.

போன் கை மாறியது. மனைவியின் குரல்.

"என்னங்க, மறுபடியும் நானா?"

இந்தத் தடவை அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது.

"போகாத! பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடாத! அங்கயே நில்லு, நகராத!" என்று கத்தினார். பக்கத்து மேஜைக்காரர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

தாள் போய்விட்டால் அவர் இஷ்டத்துக்கு ஆளை ஏற்ற முடியாது, கேப்டன் ஒப்புக்கொள்ள வேண்டும். வயர்லெஸ்ஸில் கேப்டனைப் பிடித்தார்.

"சார், கடைசி நிமிஷத் திருத்தம். ஒரு ஆள். தப்பு என்னோடது."

"தராசு சார், உங்க கணக்குல தப்பா? பதினாறு வருஷத்துல கேட்டதே இல்லையே! யாரு அந்த ஆளு?"

"என் சம்சாரம் சார்."

விமானி அறையில் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "முன்கதவு மூடியாச்சு. பின்னாடி படி இன்னும் இருக்கு. ஓடி வரச் சொல்லுங்க. எங்க உக்கார வைக்கணும்?"

"பின்னால சார். கடைசிப் பகுதி." அந்த நேரத்திலும் எடை மறக்கவில்லை, பாருங்கள்!

ஓடினார் அந்த அம்மாள். கேட் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினாளாம். மூன்று முப்பத்தொன்றுக்கு விமானம் நகர்ந்தது. திரையில் விமானத்தைக் காட்டும் சின்னப் புள்ளி மேலே எழும்பும்வரை தராசு நாற்காலியில் உட்காரவில்லை.

பள்ளி அரங்கத்துக்கு இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது திரை விலகப் போகிறது. உள்ளே எள் போட்டால் எள் விழாது. கடைசி வரிசை ஓரத்தில் ஒரே ஒரு நாற்காலி காலி. தராசு உட்காரப் போனார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டார்.

"இடம் மிச்சமிருந்தா சொல்றேன். அதுவரைக்கும் நில்லுங்க."

நின்றார். சந்தோஷமாக நின்றார். மேடையில் மூன்றாவது மரம் அசையாமல் நின்றது, அசையக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் மரத்தின் கண் அரங்கம் முழுக்கத் தேடியது. கடைசி வரிசையில் வந்து நின்றது. அவ்வளவுதான், அந்த மரம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. அட்டை இலை நாலு உதிர்ந்தது. "அம்மா!" என்று ஒரு சத்தம் வேறு. அரங்கமே சிரித்தது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அழுதார், முந்நூறு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டு நாற்காலியில் பாதி நகர்ந்து, மீதிப் பாதியைத் தட்டிக் காட்டினார்.

"வாங்க."

தராசு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் மெலிந்த கால்களைப் பார்த்தார். தன் தொப்பையைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.