மூன்று கால் பின்னல்

என் சடை அவிழ்ந்தால் தம்பியின் எலும்பு உடையும் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள், நம்பும்படிதான் எல்லாம் நடந்தது.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிற மாதிரி என் தம்பிக்கு எலும்பு முறியும். செஞ்சி கடைத்தெருவில் எங்கள் மளிகைக்கடைப் படியிலிருந்து குதித்தான், கால் போனது. அரிசி மூட்டைமேல் சாய்ந்து விழுந்தான், கை போனது. ஒவ்வொரு முறையும் நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, அம்மாவைப் பிடித்துக்கொள்வாள்.

"புள்ளைய தூக்கத் தெரியுதா உனக்கு? இன்னாத்த வளக்கற நீ?"

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நைனா கல்லாவைவிட்டு எழ மாட்டார். ஒரு சிப்பம் அரிசியைக்கூடத் தானே தூக்காமல் ஆள் வைத்துத் தூக்கும் மனிதர், அக்காவிடமா சண்டைக்குப் போவார்?

கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா தம்பியின் கண்ணில் வெள்ளை விழி லேசாக நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு அம்மாவுக்குப் புரியவைக்க என் சடையைக் கையில் எடுத்தார்.

"எலும்புன்னா வெறும் சுண்ணாம்பு இல்லம்மா. உள்ள கொலாஜன்னு ஒரு புரதம் இருக்கு. செல்லுக்குள்ள மூணு இழை இப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும். வெளிய வந்ததும் முனைய நறுக்கிட்டு, வரிசையா அடுக்கிக்கும். அதுமேல சுண்ணாம்பு ஏறினாதான் எலும்பு. இவனுக்கு ஒரு இழை கோணலா உருவாகுது. அதனால மொத்தப் பின்னலும் தளர்ந்துடுது. கண்ணு நீலமா தெரியறதும் இதாலதான். நீங்க தூக்கினதால இல்ல."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா நைனாவை ஜன்னலோரம் கூட்டிப்போய், அவர் இமையை இழுத்துப் பார்த்து, மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு எங்கே அதெல்லாம் கேட்டது! அத்தனை பேர் இருக்க என் சடையை ஏன் பிடித்தார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் என் ரிப்பன் அவிழ்ந்தது. மறுநாள் காலையில் கதவிடுக்கில் தம்பியின் விரல் முறிந்தது. அவ்வளவுதான், எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து தூங்கும்போதும் சடையைக் கையில் பிடித்துக்கொண்டே படுத்தேன்.

அப்போதுதான் அத்தை குண்டைத் தூக்கிப் போட்டாள். "டாக்டரு ஆயிரம் சொல்லட்டும். பொண்ணு முடிய அங்காளம்மனுக்குக் குடுக்கறேன்னு வேண்டிக்கினேன்."

அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. நைனா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்கையால் வழி செய்தபடி நடந்தார். மொட்டை போடும் இடத்தில் என்னை உட்காரவைத்துச் சடையைப் பிரித்து, தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். கத்தியைப் பார்த்ததும் பிரித்த முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டாதீங்க! தம்பி எலும்பெல்லாம் ஒடஞ்சிடும்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை என் தலையை அழுத்தினாள். "கம்முனு குந்துடி. சாமி குத்தம் ஆயிடும்."

நைனா தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். அந்தப் பலகையில் அவரே உட்கார்ந்தார்.

"எடுக்கறதுன்னா என் முடிய எடுங்க."

"வேண்டுதல் பொண்ணு பேர்லடா!"

"இது எங்கிட்டேர்ந்து வந்ததுக்கா. நான்தான் குடுக்கணும். நான் சின்ன வயசுல கை கால ஒடச்சிக்கினப்போ நீ கட்டுப் போடக் கூட்டினு போனதெல்லாம் மறந்துட்டியா?"

அத்தை செம்பை எடுத்து நைனா தலையில் தானே தண்ணீரை ஊற்றினாள். அன்றைக்குப் பிறகு அம்மாவை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேர்த்திக்கடனைத்தான் நைனா சொல்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். என் முடி தப்பித்தது, தம்பி பிழைத்தான். எனக்கு வேறென்ன வேண்டும்?

மொட்டைத்தலையில் நான்தான் சந்தனம் பூசினேன். அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நைனா, உன் கண்ணும் தம்பி கண்ணு மாரியே நீலமா, அழகா இருக்குது!" என்றேன்.

நைனா அழ ஆரம்பித்தார். கண்ணில் சந்தனம் பட்டுவிட்டது போலும் என்று பயந்து, என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன்.