ஃபைனாவின் உப்புவெள்ளரி

ஃபைனா லுகினிச்னாவின் கல்யாணத்துக்கு ரஷ்யாவின் பெர்ம் நகரத்து நகைக்கடைகளில் பெண்கள் மோதிரம் கிடைக்கவில்லை. அவள் விரலுக்குச் சேரும் அளவு ஆண்கள் தட்டில்தான் இருந்தது. அதையே வாங்கி மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் மோதிரம் அதைவிடச் சிறியது. அவள் கணவன் உயிரோடு இருந்தவரை எல்லா விருந்திலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடவே சிரித்துவிட்டு, கையை மட்டும் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். பிறகு இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலைக் கூரையடியில் ஓடும் கிரேனில் உட்கார்ந்து நெம்புகோல் இழுத்ததில் அந்தக் கை இன்னும் அகன்றுபோனது.

ஓய்வு பெற்றபின் அவள் உலகம் எங்கள் ‘விடியல்’ தோட்டச் சங்கம்தான். ஆளுக்கு ஆறு சென்ட் மாதிரி ஒரு துண்டு நிலம், ஒரு மரவீடு, ஒரு கண்ணாடிக் குடில். மே மாதம் தொடங்கி முதல் உறைபனி வரை எல்லோரும் மண்ணில் கிடப்போம். அதன்பிறகு ஏழு மாதம் அந்த மண் கொடுத்ததை ஜாடியிலிருந்து எடுத்துத் தின்போம். கோடையில் ஜாடி நிரப்பாதவனைக் குளிர்காலத்தில் எவரும் விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றில்லை. கூப்பிடுவார்கள், சாப்பாடு முடியும்வரை குத்திக்காட்டுவார்கள்.

ஃபைனாவின் வெள்ளரிக்கு ஈடு கிடையாது. பல்லில் வைத்தால் பக்கத்து அறை வரை சத்தம் கேட்கும். வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ரிம்மாவுடையது. கையுறைப் பட்டறையில் வேலை பார்த்தவள், குள்ளமாக, துறுதுறுவென்று இருப்பாள். அவளுக்குத் தக்காளியும் ராஸ்பெர்ரி ஜாமும் கைவந்தவை. வேலியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதன் வழியே வெள்ளரி அந்தப் பக்கமும் ஜாம் இந்தப் பக்கமும் போய் வந்தன. அதனால் ரிம்மா ஒருநாளும் வெள்ளரி போட்டதில்லை, ஃபைனா ஜாம் கிண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மின்சார ரயிலில் மூன்றாவது பெட்டி எங்களுடையது. வாளியும் கூடையுமாக ஏறி உட்கார்ந்ததும் ஆளாளுக்கு நோட்டைத் திறப்பார்கள். வெள்ளரி இலையில் வெள்ளைப் பூச்சு வந்தால் பாலும் தண்ணீரும் கலந்து தெளிக்கணுமா, முட்டைக்கோசுக்குச் சாம்பல் எப்போது தூவணும், கத்தரிக்காயை எண்ணெயில் போடுவதா தக்காளிச் சாற்றில் போடுவதா, எல்லாம் அங்கே அலசப்படும். யாரிடம் சமையல் குறிப்புக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஏதாவது ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் சொல்வார்கள். தபால் நிலையத்தில் வேலை பார்த்த கபிதோலீனா கடுகைச் சொல்லமாட்டாள். சங்கத் தலைவர் ரோடியோன், பழைய டிராம் ஓட்டுநர், விதையின் பெயரையே மாற்றிச் சொல்வார். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே எழுதிக்கொள்வோம்.

ஃபைனா மட்டும் எதையும் மறைக்கமாட்டாள். அதனாலேயே ஒருவரும் அவளை நம்பவில்லை.

“சதகுப்பைப் பூங்கொத்து, பூண்டு, குதிரைமுள்ளங்கி இலை, செர்ரி இலை. மூணு லிட்டர் ஜாடிக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு. மூணு நாள் புளிக்க விட்டு, தண்ணிய வடிச்சுக் கொதிக்கவெச்சு, திரும்ப ஊத்தி மூடுங்க. அவ்ளோதான்” என்பாள்.

அந்த வருஷம் ரிம்மாவின் மகனுக்கு நவம்பரில் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீட்டார் ஓம்ஸ்கிலிருந்து வருகிறார்கள். “மேசையில என் கையால போட்டதுதான் இருக்கணும்டி. அடுத்த வீட்டு வெள்ளரிய வெச்சா எனக்கென்ன மரியாதை?” என்று ரிம்மா குறிப்பைக் கேட்டாள். ஃபைனா மனப்பாடமாக ஒப்பித்தாள். ரிம்மா எழுதிக்கொண்டு போய்ப் பதினான்கு ஜாடி போட்டாள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் பதினான்கும் வெடித்தன. ஒரே நேரத்தில் அல்ல. காலையில் மூன்று, மத்தியானம் ஐந்து என்று தவணை முறையில். தகர மூடிகள் கூரையில் மோதின. உப்புத் தண்ணீர் ரிம்மாவின் புதுச் சுவர்த்தாளில் வழிந்தது. கல்யாணத்துக்காக ஒட்டிய தாள் அது.

“இருபத்திரெண்டு வருஷம்!” ரிம்மா வேலியோரம் நின்று கத்தினாள். “ஊர்ல எவ மறைச்சாலும் நீ மறைக்கமாட்டேன்னு நெனச்சேனே! எதடி சொல்லாம விட்ட?”

“சத்தியமா எல்லாத்தையும் சொன்னேன் ரிம்மா.”

“அப்போ என் வெள்ளரிக்கு மட்டும் பைத்தியமா?”

அன்று சாயங்காலமே சுத்தியல் சத்தம் கேட்டது. ரிம்மா சின்னக் கதவை ஆணி அடித்து மூடிவிட்டாள்.

ஃபைனாவுக்கு அதன்பிறகு தேநீர் இறங்கவில்லை. கணவன் போனபின் அவளுக்கென்று இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான். காலையில் எழுந்தால் முதலில் பேசும் ஆள் ரிம்மா. அவளே தன்னைத் திருடியைப் போலப் பார்ப்பதை ஃபைனாவால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ரிம்மா நான்காவது பெட்டியில் போய் ஏறிக்கொண்டாள். மூன்றாவது பெட்டியில் விசாரணை நடந்தது.

“மனசத் தொட்டுச் சொல்லுங்க ஃபைனா லுகினிச்னா” என்றாள் கபிதோலீனா. “ஆஸ்பிரின் மாத்திரைதானே? எனக்கும் போன வருஷம் உங்க குறிப்புல ஆறு ஜாடி போச்சு. மரியாதைக்காக வாயத் திறக்கல.”

“மாத்திரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.”

“ஒரு ஸ்பூன் வோட்கா?”

“வோட்கா இருந்தா அத ஏன் வெள்ளரிக்குக் கொடுக்கறேன்?”

பெட்டி சிரித்தது. ரோடியோன் மட்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு மீசையைத் தடவினார். “எனக்கு மட்டும் ஒரு ஜாடிகூட வெடிக்கல. ஏன்னு கேளுங்க. அம்மணி சொல்லாம விட்டத நான் கண்டுபிடிச்சுட்டேன்.”

“என்ன அது?”

“சொல்லிட்டா அப்புறம் அது என்ன ரகசியம்?”

உண்மையில் அந்த மனிதர் ஃபைனா சொன்னதற்கு மேல் ஒரு துரும்பும் சேர்க்கவில்லை. ஆனால் பெட்டி முழுக்க அவரையே நம்பியது. ஃபைனா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

செப்டம்பர் நடுவில், வியாழக்கிழமை உறைபனி விழும் என்று வானொலி சொன்னது. ஊரில் எல்லோருடைய வெள்ளரிக் கொடியும் வாடிப்போயிருந்தது. ஃபைனா மட்டும் கணவனின் பழைய கம்பளிக் கோட்டுகளைப் போர்த்திப் போர்த்தி ஒரு பாத்தியைக் காப்பாற்றி வைத்திருந்தாள். புதன்கிழமை காலை அதையும் துடைத்துப் பறித்தாள். இரண்டு வாளி தேறியது. இதுதான் கடைசி. இது போனால் அடுத்த வெள்ளரிக்கு அடுத்த ஜூலைதான், கல்யாணமும் முடிந்திருக்கும்.

கதவு அடைபட்டிருந்ததால் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ரிம்மாவின் வாசலுக்குப் போனாள்.

“எனக்கு வேலை இருக்கு” என்றாள் ரிம்மா.

“என்ன வேலை?”

“உம்மேல கோவமா இருக்கற வேலை.”

“இருந்துக்கோ. கோவமா பக்கத்துல நின்னு பாரு. உன் ஜாடி, உன் தண்ணி, உன் உப்பு. நான் எதாச்சும் மறைச்சா கையும் களவுமா புடி.”

ரிம்மா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் காவல் நின்றாள். ஃபைனா வெள்ளரியைக் கழுவினாள், முனை நறுக்கினாள். அடியில் குதிரைமுள்ளங்கி இலை, மேலே செர்ரி இலை. பூண்டு. சதகுப்பை. ஜாடிக்குள் வெள்ளரியை நிற்க வைத்து நெருக்கி அடுக்கினாள். ரிம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். சரி, இதுவும் எழுதியிருக்கு. இதுவும் எழுதியிருக்கு. ஃபைனா உப்புச் சாடிக்குள் கையை விட்டு அள்ளி எடுத்தாள்.

“நிறுத்துடி!”

ரிம்மா பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடிபட்டுவிட்டோம் என்றே ஃபைனா நினைத்தாள், எதில் என்றுதான் தெரியவில்லை.

“இதென்ன?”

“கைப்பிடி உப்பு.”

“இதா கைப்பிடி?” ரிம்மா அந்த உப்பை ஒரு தட்டில் கொட்ட வைத்தாள். சாடியில் தன் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பக்கத்தில் கொட்டினாள். முதலாவது மேசைக்கரண்டியால் தலைதட்டி நான்கு வந்தது. இரண்டாவது இரண்டுகூட முழுசாக வரவில்லை.

“பாதி உப்புகூட இல்ல! அதான் மூடின பிறகும் புளிச்சுப் பொங்கி வெடிச்சிருக்கு” என்றாள் ஃபைனா.

“ஒன்பதரை” என்றாள் ரிம்மா மெதுவாக. “உன் கையுறை அளவு ஒன்பதரை. என்னோடது ஆறு. கபிதோலீனாவுக்கு ஆறரை. அந்த ரோடியோன் கை மண்வெட்டி, பத்துக்குக் குறையாது. அதான் அவனுக்குச் சரியா வந்திருக்கு, மீசைக்காரப் புளுகன்! அடியே, வருஷா வருஷம் உன் பிறந்தநாளுக்கு ஆம்பள அளவு அட்டைய வெச்சுக் கையுறை வெட்டித் தர்றவ நான். எனக்குத் தோணலையே! ஊருக்கே கை அளவு சொல்ற எனக்கு இது தோணலையே!”

சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபைனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கவில்லை.

பத்து ஜாடி நிறைந்தது. எல்லாவற்றுக்கும் உப்புப் போட்டது ஃபைனாதான், ரிம்மா சாடியைத் தொடவே மறுத்துவிட்டாள். பிறகு இடுக்கியோடு வேலிக்குப் போனார்கள்.

“பதினோரு ஆணியாடி? ஒண்ணு பத்தாதா?” என்று கேட்டாள் ஃபைனா.

“கோவம் பதினோரு ஆணிக்கு இருந்துச்சு.”

அந்த ஆணிகளை ஃபைனாவின் அந்தப் பெரிய கைதான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது.

மூன்று நாள் புளித்ததும் மூடி இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ரிம்மாவின் பழைய உரோமக் கோட்டுக்குள் சுற்றி வைத்தார்கள். ரிம்மா தினமும் காலையில் எண்ணினாள். பத்து. பத்து. இரண்டு வாரம் கழித்தும் பத்து.

சம்பந்தியம்மாள் கல்யாணத்தன்று நான்காவது வெள்ளரியைக் கடித்தபோது ரிம்மாவின் பக்கம் குனிந்தாள். “இத எப்படிப் போடறீங்க? மறைக்காமச் சொல்லணும், இப்போ சொந்தமாயிட்டோம்.”

ரிம்மா கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மிஞ்சிய சுவர்த்தாளின் பின்பக்கம் அது. கையுறை வெட்டுவதற்கு வரைவதைப் போலப் பென்சிலால் சுற்றி வரைந்த ஒரு பெரிய கை இருந்தது. உள்ளங்கையில் குறிப்பு முழுவதும் எழுதியிருந்தது. உப்பு என்ற இடத்தில் ‘இந்தக் கையால் ஒரு பிடி’ என்று இருந்தது. மூன்றாவது பெட்டியில் எல்லா நோட்டிலும் அந்தக் கை ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. ரோடியோன்கூட வரைந்துகொண்டார், யாருக்கும் தெரியாமல்.

“கரண்டிக் கணக்கும் ஓரத்துல எழுதியிருக்கேன்” என்றாள் ரிம்மா. “ஆனா அசலப் பாத்துட்டுப் போங்க. ஃபைனா, கைய எடு மேல!”

ஃபைனா தயங்கினாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கையை எடுத்து, தட்டுகளுக்கு நடுவே விரித்து வைத்தாள். சம்பந்தியம்மாள் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்து, “அடேயப்பா!” என்றாள். அவளுக்குப் பின்னால் மணப்பெண் வந்தாள், அவள் தோழிகள் வந்தார்கள். ஒவ்வொருவராக அளந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் போனபின்னும் ஃபைனா கையை எடுக்கவில்லை. ஆட்டம் தொடங்கி மேசை காலியான பிறகும் அது வெள்ளைத் துணிமேல் விரிந்தே கிடந்தது, ஆண்கள் தட்டில் வாங்கிய மோதிரத்தோடு.