சோகத்தின் நடுவே ஒரு பொன்னாடை

குற்றாலத்தில் சாரல் காலத்தில் நடந்த வயலின், பியானோ கச்சேரி அது. முதலில் சோகம், பிறகு மகிழ்ச்சி என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். பியானோ வாசித்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, சிரிக்காத முகம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், சாரலில் ஈரம் படிந்த பியானோக் கட்டைகளை முந்தானையால் துடைப்பார்.

சோகப் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது சிறப்பு விருந்தினர் சாவகாசமாக வந்து சேர்ந்தார். அமைப்பாளர் மேடையேறி, வயலின்காரரைக் கையமர்த்திவிட்டு, விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார். அதற்குக் கைதட்டவும் ஆள் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சோகம் போதும்மா. அண்ணாச்சி வந்துட்டாவ, சந்தோசத்த வாசிங்க," என்றார் அமைப்பாளர்.

அந்த அம்மா எழுந்து நின்றார். "எழவு வீட்டுல ஒப்பாரியப் பாதியில நிப்பாட்டிட்டு, பாயசம் கேப்பியளோ? மொதல்லருந்துதான் வாசிப்பேன். கேக்கதுன்னா உக்காருங்க, இல்லன்னா வெளிய போங்க."

பிறகு கட்டைகளை மறுபடியும் நிதானமாகத் துடைத்தார். விருந்தினர் பொன்னாடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சோகப் பாட்டை முதலிலிருந்து வாசித்து முடித்தபின், அடுத்து வந்த மகிழ்ச்சிப் பாட்டையும் அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசித்தார். எங்கள் கால்களோ தாமாகத் தாளம் போட்டன. கோபம் தணியாத அந்த விரல்களிலிருந்து அவ்வளவு சந்தோஷம் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.