மாத்திரை போட்டால் வராத அம்மன்

ஐந்தாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், சில வருடம் காரைக்காலில் ஒரு பாயின் பரோட்டாக் கடையில் வேலை பார்த்தேன். அங்கேதான் எனக்கு அது வர ஆரம்பித்தது. திடீரென்று வேப்பிலை வாசம் அடிக்கும். அம்பகரத்தூர் அம்மனே பக்கத்தில் வந்து நிற்பதுபோல் நெஞ்சு நிறையும். அரை நிமிடத்தில் நினைவு தப்பிவிடும்.

மூளையில் வரும் வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை போட்டேன், அம்மன் வருவது நின்றுபோனது. பாயிடம் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் கொதிக்கும் பரோட்டாக் கல்லின்மேல் சாய்ந்துவிட்டேன். விழித்தபோது என் முகத்தில் காயமே இல்லை. குறுக்கே நீட்டித் தடுத்த பாயின் கைதான் வெந்திருந்தது.

“மாத்திரை போட்டியாடா?”

“இல்லீங்க பாய். போட்டா அம்மன் வரமாட்டேங்குறா.”

திட்டுவார் என்று நினைத்தேன். “வரட்டும்டா, நான் வேணாங்கல. நீ கல்லு முன்னாடி நிக்கிறப்ப மட்டும் வரவேணாம்னு சொல்லிடு” என்றார்.

அன்றிலிருந்து மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. அது நோய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த ஊரும் வீடாகாத எனக்கு அந்த அரை நிமிடம் வீடுபோல் இருந்தது. இன்றும் அதற்கு ஏங்குகிறேன். ஏங்கிக்கொண்டேதான் மாத்திரையை விழுங்குகிறேன்.